ஓடாத பெஞ்சு

“முன் அனுபவம்னு ஒரு கட்டம் இருக்குதுங்க. அதுல நான் என்னத்தை எழுதறதுங்க?”

கேட்டவர் நாச்சிமுத்து. பதினேழு வருடம் மலைப்பாதை பஸ்ஸில் கண்டக்டர். வைத்தியம் என்று அவர் பார்த்ததெல்லாம், தலைவலி வந்தால் டிரைவர் நெற்றியில் தைலம் தேய்த்துக்கொள்வதைத்தான்.

கேட்கப்பட்டவர் சித்த வைத்தியர் செங்கமலம். சேர வந்தவரைவிட எட்டு வயது இளையவர். மலையடிவாரத்தில் அவர் நடத்தும் வைத்தியசாலையில், வைத்தியப் படிப்புக்கு முன்னால் ஓராண்டு ஆயத்த வகுப்பு உண்டு. வருடத்துக்கு ஒரே ஓர் இடம். நாற்பது தாண்டினால் அதுவும் இல்லை.

நாச்சிமுத்துவுக்கு ஐப்பசியில் நாற்பது. வேலையைத் தை மாதமே விட்டுவிட்டார்.

வைத்தியர் விண்ணப்பத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார்.

“வெளியே போய் உக்காருங்கண்ணா.”

அவ்வளவுதான் பதில்.

போகச் சொல்லவில்லை, உட்காரத்தான் சொன்னார் என்று நாச்சிமுத்து மனதுக்குள் ஏழெட்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

வராந்தாவில் இன்னொரு விண்ணப்பக்காரன் உட்கார்ந்திருந்தான். வெள்ளியங்கிரி. ஒன்பது வருடம் மருந்துக்கடையில் நின்றவன். முன் அனுபவக் கட்டம் போதாமல் தாளின் பின்பக்கமும் எழுதி நிரப்பியிருந்தான்.

“நீங்க எந்த ஆஸ்பத்திரியில இருந்தீங்கண்ணா?”

“பஸ்ஸுல.”

“பஸ்ஸுல ஆஸ்பத்திரியா?”

“இல்லப்பா. வெறும் பஸ்ஸு.”

வெள்ளியங்கிரி அனுதாபப்பட்டான். காலைச் சாப்பாட்டுக்கு முன் ஒரு தடவை, சாப்பாட்டுக்குப் பின் ஒரு தடவை.

அந்த வைத்தியசாலையில் டோக்கன் கிடையாது. யார் முதலில் போவது என்று வந்தவர்களே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டும். அதனால் காலை நேரத்து வராந்தா தேர்தல் மேடை போலத்தான் இருக்கும்.

“எனக்கு ரெண்டு நாளா இருமலு, க்ஹூம், இந்தா வருது பாருங்க, க்ஹூம்.”

“இருமலுக்கே இத்தனை பேச்சா? என் முட்டியை மடக்கினா நீட்ட முடியல. நீட்டினா மடக்க முடியல.”

“அப்ப நின்னுக்கிட்டே இருங்க்கா.”

எல்லோருக்கும் பின்னால் வந்த ஒருவர் மட்டும் ஓட்டுக் கேட்கவில்லை. பச்சைத் துண்டு போட்டவர். சன்னலோரப் பெஞ்சில் பேசாமல் உட்கார்ந்திருந்தார்.

நாச்சிமுத்து அவரை ஒரு தடவை பார்த்தார். இன்னொரு தடவை பார்த்தார். விசிலடிக்க உதடு தானாகக் குவிந்தது. அடக்கிக்கொண்டார்.

“பச்சைத் துண்டு, எந்திரிங்க. நீங்கதான் மொதல்ல.”

“எனக்கு ஒண்ணுமில்லீங்க. மருமவ தொல்லை தாங்காம வந்தேன்.”

“அந்த ஒண்ணுமில்லைங்கறதை உள்ளே போய்ச் சொல்லிட்டு வந்துருங்க. வாங்க வாங்க வாங்க.”

மூன்று ‘வாங்க’வும் பஸ் தகரத்தைத் தட்டுகிற தாளத்தில் வந்தன. அந்தத் தாளத்துக்கு எழுந்திருக்காத பயணி இன்னும் பிறக்கவில்லை.

“இது என்ன நாயம்? நாங்க விடியறதுக்கு முந்தியே வந்தவங்க,” என்றார் முட்டிக்காரம்மா.

“அடுத்தது நீங்கதான்க்கா. இப்படிக் காத்தோட்டமா உக்காருங்க.”

உட்கார்ந்துவிட்டார். முட்டி மடங்கியதை அவரே கவனிக்கவில்லை.

“அவருக்கு வெறும் பித்தம்ணா,” என்று வெள்ளியங்கிரி சலித்துக்கொண்டான். “நான் மூஞ்சியைப் பாத்தே சொல்லிருவேன். இதுக்குப் போய் வரிசையைக் கலைக்கறீங்களே.”

கதவு சாத்திக்கொண்டது.

கால் மணி நேரத்தில் ஒரு ஜீப் வந்தது. பச்சைத் துண்டுக்காரரைப் படுக்கவைத்து டவுன் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கூட வந்திருந்த மருமகள் செருப்பை விட்டுவிட்டு ஏறிக்கொண்டாள்.

வராந்தாவில் இருமல்கூட நின்றுபோனது.

நாச்சிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். தெரியாத வேலையில் கை வைத்தாயிற்று. இடம் போனது போகட்டும், அந்த மனுசனுக்கு ஏதாவது ஆனால்?

உச்சிப்பொழுதில் கூட்டம் கரைந்ததும் வைத்தியர் இருவரையும் கூப்பிட்டார். வெள்ளியங்கிரி உள்ளே போய் நாற்காலியில் அமர்ந்தான். நாச்சிமுத்துவுக்கு வாசலோடு கால் நின்றுவிட்டது.

“பச்சைத் துண்டுக்காரரை யார் மொதல்ல அனுப்பினது?”

வெள்ளியங்கிரியின் விரல் வெகு சுறுசுறுப்பாக நீண்டது.

“நான்தானுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“அவருக்கு என்ன நோவு?”

“பித்தம்,” என்றான் வெள்ளியங்கிரி. “காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு.”

வைத்தியர் வாசல் பக்கம் பார்த்தார்.

“தெரியாதுங்க,” என்றார் நாச்சிமுத்து.

“தெரியாமயா அனுப்பினீங்க?”

“நோவு தெரியாதுங்க. ஆனா பெஞ்சு ஓடலீங்களே. அவரு ஓடற பஸ்ஸுல மாதிரி சன்னல் கம்பியை விடாம இறுக்கிப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தாருங்க.”

வெள்ளியங்கிரி சிரிக்கத் தொடங்கினான். வைத்தியர் சிரிக்காததைப் பார்த்து, மீதியை மூடி வைத்துக்கொண்டான்.

“ஆஸ்பத்திரியில இருந்து இப்பத்தான் போன் வந்துச்சு,” என்றார் வைத்தியர். “மூளைக்குப் போற ரத்தக்குழாய் அடைச்சிருந்துச்சாம். நேரத்தோட வந்ததால பொழைச்சுக்கிட்டாரு. நல்லாப் பேசறாராம். மருமவளைத் திட்டறாராம்.”

நாச்சிமுத்துவுக்கு மூச்சு வந்தது. விண்ணப்பம், ஐப்பசி, நாற்பது எல்லாம் மறந்து, அந்த மருமகள் வாங்கும் திட்டை நினைத்துச் சிரித்துக்கொண்டே நின்றார்.

பிறகுதான் மற்றது ஞாபகம் வந்தது.

“அப்ப என் விசயம் என்னங்க?”

வைத்தியர் அவர் பாதங்களைப் பார்த்தார். ஒரு கால் வாசற்படியில் இருந்தது, ஒரு கால் வெளியே.

“படியில நிக்காதீங்கண்ணா,” என்றார். “உள்ளே வாங்க.”