நாற்பது பேருக்கு ஒரு அட்டை

ஞாயிற்றுக்கிழமை காலை கனகாம்புஜம் விகாரைக்குள் நுழைந்த வேகத்தைப் பார்த்து, வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓரமாகப் போய்விட்டது.

வாய்க்கால் கரையில் தகரக்கூரை போட்ட சின்னப் புத்த விகாரை அது. பிக்குணி சோபிதா தரையைக் கூட்டிக்கொண்டிருந்தார். கனகாம்புஜத்தைவிடப் பதினாலு வயது இளையவர். ஆனாலும் இவளுக்கு அவர் ‘அம்மா’தான். மூச்சைக் கவனிக்க இரண்டு வருஷமாகக் கற்றுக்கொடுப்பவர் ஆயிற்றே.

கனகாம்புஜம் மூன்று தடவை விழுந்து கும்பிட்டாள். மூன்று தடவையும் வளையல்கள் சண்டைக்கு வருவதுபோலச் சத்தம் போட்டன.

“அம்மா, கோபம் அடங்க ஒரு வழி சொல்லுங்க. நாளைக்குச் சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள அடங்கியாகணும்.”

“அஞ்சு மணிக்கு என்ன?”

“ஒரு கையெழுத்துப் போடணும்ங்க.”

விஷயம் இதுதான். கனகாம்புஜம் ஒரு பனியன் கம்பெனியில் மூன்றாவது லைனுக்குச் சூப்பர்வைசர். பதினோரு வருஷ சர்வீஸ். அவளுக்குக் கீழே நாற்பது பெண்கள் தையல் மெஷினில். நாற்பது பேருக்கும் சேர்த்துக் கக்கூஸ் போக ஒரே ஓர் அட்டை. சிவப்பு நாடா கட்டிய அட்டை. அதைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒருத்தி போனால், அவள் திரும்பி வரும்வரை மற்ற முப்பத்தொன்பது பேரும் காலைப் பின்னிக்கொண்டு தைக்க வேண்டும். நாலு மணி டீ நேரத்தில் மட்டும் அட்டை தேவையில்லை.

போன மாதம் கனகாம்புஜம்தான் மேனேஜர் துரைக்கண்ணனிடம் போய், லைனில் தினம் கால் மணி நேரம் தியானம் வைக்கலாமா என்று கேட்டாள். மேனேஜருக்குக் குரல் மூக்கு வழியாகத்தான் வரும்.

“தியானமா? பேஷா வைங்க! அரட்டை குறையும், ஆத்திரம் குறையும், டார்கெட் தானா ஏறும், ஓகேவா?”

அந்தக் கால் மணி நேரத்தை வேலை நேரத்திலிருந்தா கொடுப்பார்? டீ நேரத்தைத் தூக்கிக் கொடுத்தார். தம்மத்துக்காக ஒரு டீயை விடுவதும் புண்ணியம்தானே என்று கனகாம்புஜம் சந்தோஷப்பட்டாள். நாலு மணிக்கு மணி அடிக்கும். அட்டை மேனேஜரின் டிராயருக்குள் போகும். நாற்பது பேரும் கண்ணை மூடுவார்கள். நடுவில் யாரும் எழக்கூடாது என்பது கனகாம்புஜம் போட்ட சட்டம்.

“எல்லாரும் சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாங்கம்மா. இந்தப் பாவாயி மட்டும் எழுந்து போறா! ‘உட்காருடி, மூச்சைக் கவனிடி’ங்கறேன். ‘கவனிச்சேனுங்க்கா, மூச்சு வரலீங்க, வேற ஒண்ணுதான் வருது’ன்னுட்டு நேரா கக்கூஸுக்குப் போயிட்டா. அத்தனை பேரும் சிரிச்சுட்டாளுங்க. என் மானமே போச்சு!”

“பாவாயிக்கு உடம்புக்கு ஏதாவதா?”

“நீர்க்கடுப்புங்கறா. யாருக்கு இல்லைங்க? எனக்கும்தான் இருக்கு. எட்டு மணிக்கு உள்ள வந்தா ஆறு மணி வரைக்கும் நான் போறதே இல்லை. எரியும். எரிச்சலைக் கவனிப்பேன். கவனிச்சா அடங்கிடும்.”

“அடங்கிடுமா?”

“அடங்கித்தானேம்மா ஆகணும்!”

பிக்குணி துடைப்பத்தைச் சுவரில் சாய்த்துவைத்தார்.

“மேனேஜர் லெட்டர் அடிச்சுக் கொடுத்துட்டார். ‘பாவாயி என்பவர் கட்டுப்பாட்டுக்கு அடங்காதவர், வேலைக்கு வேண்டாம்’னு. சூப்பர்வைசர் கையெழுத்து இருந்தாத்தான் நிறுத்த முடியுமாம். கோபத்தோட கையெழுத்துப் போட்டாப் பாவமில்லீங்களா? அதான் மூணு நாளா உட்கார்ந்து உட்கார்ந்து பார்க்கறேன். மனசு அமைதியானதும் போட்டுடலாம்னு.”

“ஒருத்தியோட வேலையை அமைதியா எடுக்கணும்.”

“ஆமாங்கம்மா!” என்றாள் கனகாம்புஜம், அப்பாடா, புரிந்துகொண்டார் என்ற நிம்மதியில்.

“நாளைக்கு நான் அங்க வர்றேன்” என்றார் பிக்குணி.

மறுநாள் மூன்றரை மணிக்கே வந்துவிட்டார். மேனேஜர் வாசலுக்கு ஓடிவந்து, பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார். நாற்காலி போட்டார். ஒரு தண்ணீர் பாட்டிலைக் கொடுத்தார். பிக்குணி அதைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். இன்னொன்று கேட்டார். அதையும் குடித்தார்.

“இன்னும் ஒண்ணு கிடைக்குங்களா?”

“தாராளமா! தண்ணி குடிக்கறது ஹெல்த்துக்கு ரொம்ப நல்லது, ஓகேவா?”

மெஷினில் இருந்த பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூன்றாவது லைனின் தண்ணீர்க் குடத்தை யாரும் சீண்டுவதே இல்லை. குடித்தால் போக வேண்டுமே.

நாலு மணி. மணி அடித்தது. மெஷின்கள் நின்றன. பிக்குணி எல்லாருடனும் தரையில் உட்கார்ந்தார்.

“கண்ணை மூடுங்க. மூச்சைப் பாருங்க. அப்புறம் உடம்பைப் பாருங்க. எங்க என்ன இருக்கோ, அதை இருக்குன்னு பாருங்க. இல்லாததைப் பார்க்க வேண்டாம்.”

ஐந்து நிமிஷம் ஆயிற்று. துணி உரசும் சத்தம் கேட்டது. கனகாம்புஜம் ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். மறுபடி எவள் எழுந்தது?

எழுந்தது பிக்குணி. கக்கூஸ் பக்கம் நடந்துகொண்டிருந்தார்.

கனகாம்புஜம் அவரைத் தாண்டி ஓடினாள். பதினோரு வருஷப் பழக்கம். கைகள் தாமாக நீண்டு கதவை மறித்தன.

“என்னம்மா இது?”

“ஒண்ணுக்கு வருது.”

“தியானத்துக்கு நடுவுலயா?”

“நடுவுலதான் வருது.”

கனகாம்புஜத்துக்கு முகமெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. குருவே இப்படி எழுந்து வந்தால், பாவாயியை என்னவென்று சொல்வது? அதற்குள் மேனேஜர் வந்துவிட்டார்.

“அம்மா, அம்மா, நீங்க எங்க ஆபீஸ் டாய்லெட்டுக்கு வாங்க. டைல்ஸ் எல்லாம் போட்டது.”

“இந்த லைன்ல உட்கார்ந்தேனுங்க. இந்த லைன்காரங்க போற இடத்துக்கே போயிக்கறேன்.”

“அப்படின்னா போங்கம்மா. உங்களுக்கு எதுக்கு அட்டை?”

“அட்டையில்லாமப் போனதுக்குப் பாவாயி பேர்ல ஒரு காகிதம் அடிச்சிருக்கீங்களாமே. என் பேர்லயும் ஒண்ணு அடிச்சிடுங்க. அப்புறம் போறேன்.”

“ஐயோ, உங்க பேர்ல எப்படிம்மா?”

“அப்ப நிக்கிறேன்.”

நின்றார். மூன்று பாட்டில் தண்ணீர். கால் மாற்றி நின்றார். மேலுதட்டில் வேர்த்தது. கதவை மறித்திருந்த கனகாம்புஜத்துக்கு அந்த வேர்வை ஒரு முழம் தூரத்தில் தெரிந்தது. கையை எடுக்கலாமா? சட்டம் அவள் போட்டது. எடுக்காமல் இருக்கலாமா? நிற்பது குரு.

“நீங்க வேறம்மா, இவங்க வேற” என்றார் மேனேஜர்.

“மூத்திரம் வேறயா?” என்று கேட்டது ஒரு குரல். பிக்குணியின் குரல் இல்லை. பாவாயி.

“யாரு பேசினது? கண்ணை மூடுங்க எல்லாரும்! இது தியான நேரம்!”

மூடினார்கள். அடுத்த நொடி செக்கிங் மேஜை ஓரத்திலிருந்து, ஒருத்தியின் மூக்கு வழியாக, மேனேஜரின் குரலே வந்தது.

“தண்ணி குடிக்கறது ஹெல்த்துக்கு ரொம்ப நல்லது, ஓகேவா?”

லைன் முழுக்கக் குலுங்கியது. சிரிப்பு அடங்குவதற்குள் பாவாயி எழுந்துவந்து பிக்குணியின் பின்னால் நின்றாள். அவள் சிரிக்கவில்லை. அவளுக்குப் பின்னால் ஓவர்லாக் மெஷின்காரி நின்றாள். அப்புறம் காஜா எடுப்பவள். ஒவ்வொருத்தியாக எழுந்தார்கள். யாரும் கோஷம் போடவில்லை. வரிசை மட்டும் நீண்டது.

“கனகாம்புஜம்! எல்லார் பேரையும் எழுதுங்க! அந்த லெட்டர்லயே எழுதுங்க! ஒருத்தி விடாம!”

நாலு நாளாக அட்டைப்பலகையில் செருகிவைத்திருந்த அந்தக் காகிதத்தைக் கனகாம்புஜம் உருவினாள். பேனாவைத் திறந்தாள். அப்படி ஒரு கோபம் அவளுக்கு ஜென்மத்தில் வந்ததில்லை. கோபம் வந்தால் அது எங்கே இருக்கிறதென்று தேடிப்பார் என்பது பாடம். அவளும் தேடினாள். நெஞ்சில் இல்லை. தொண்டையில் இல்லை. அடிவயிற்றில் இருந்தது. எரிந்தது. காலை எட்டு மணியிலிருந்து எரிந்துகொண்டிருந்தது.

அவள் பேனாவை மூடினாள்.

“இதுல ஒரு பேருக்குத்தானுங்க சார் இடம் இருக்கு.”

“பின்னாடி எழுதுங்க!”

“எழுதலாம்ங்க. முதல் பேரு அம்மா பேரு. அவங்கதான் முதல்ல நிக்கறாங்க. கடைசிப் பேரு என் பேரு. அப்புறம் சூப்பர்வைசர்னு கையெழுத்துப் போடறது யாருங்க சார்?”

மேனேஜர் வரிசையை எண்ண ஆரம்பித்தார். கனகாம்புஜம் காகிதத்தை மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். கதவை விட்டுத் தள்ளிப் போனாள். பிக்குணி உள்ளே போனார்.

வரிசையின் கடைசியில் போய் நின்றாள் கனகாம்புஜம். பாவாயி திரும்பிப் பார்த்தாள். “வாங்கக்கா” என்று மட்டும் சொன்னாள்.

பிக்குணி வெளியே வந்தார். பாவாயி உள்ளே போனாள். பிக்குணி ஈரக்கையை அங்கியில் துடைத்துக்கொண்டே வரிசையோரமாக நடந்து, கனகாம்புஜத்தின் பக்கத்தில் வந்து நின்றார்.

“அம்மா, உங்ககிட்ட ஒரே ஒரு வழிதானே கேட்டேன்?” என்றாள் கனகாம்புஜம். “அஞ்சு மணிக்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருக்கு. கோபம் துளிகூடக் குறையலை. நேத்தைக்கு இருந்ததைவிட நாலு மடங்கு இருக்கு. நான் என்னங்கம்மா பண்ணட்டும்?”

பிக்குணி அவளைக் கைகாட்டி, முன்னால் நின்ற பெண்களிடம் திரும்பினார்.

“இவங்களைக் கொஞ்சம் முன்னாடி விடுங்கம்மா” என்றார். “காலையிலிருந்து போகலை.”