காற்றுக்குச் சாயாத குடை

முத்தலைத்தீவு மன்னர் இடும்பவர்மர் கடலுக்கடியில் மின்சாரம் எடுக்கும் சக்கரம் ஒன்று வைத்திருந்தார். ஏறி இறங்கும் ஓதநீர் ஓயாமல் மோதி மோதி, அதன் இறக்கைகள் விரிசல் விட்டு உடைந்துகொண்டே இருந்தன.

கடற்கரைக்கு வந்த மன்னரிடம் கொல்லன் செம்பியான் சொன்னான்: "நீர் வேகமாக வரும்போது இறக்கை கொஞ்சம் திரும்பிக்கொடுத்தால் அடி குறையும், மன்னா. நெடுநாள் உழைக்கும்."

"என் இறக்கை கடலுக்குப் பயந்து முகம் திருப்புவதா? இவனைச் சிறையில் தள்ளுங்கள்!"

மன்னருக்குக் குடைபிடிக்கும் பணிப்பெண் பொற்கிளி வணங்கினாள். "அப்படியானால் உங்கள் குடையும் இனிக் காற்றுக்குச் சாயாது, மன்னா."

மழைக்காற்று சீறி வந்தது. அவள் குடையை அசையாமல் நேரே பிடித்தாள். குடை படீரென்று ஒடிந்து, கிரீடத்தையும் தட்டிக்கொண்டு கடலில் போய் விழுந்தது.

"சாய்த்துப் பிடித்திருக்கக் கூடாதா?" என்று நனைந்த மன்னர் அலறினார்.

"மன்னர் குடை பயந்துவிட்டது என்று ஊர் பேசுமே!"

மன்னர் தும்மினார். கொல்லனை விடுவித்தார். நீர் வேகமாக வந்தால் இறக்கைகள் இப்போது திரும்பிக்கொடுக்கின்றன. அது பயமில்லையாம், கடலுக்கு மன்னர் காட்டும் மரியாதையாம்; முரசறைந்து சொல்லிவிட்டார்கள்.