செத்ததை மட்டும்

நாச்சம்மாளுக்கு ஒரே ஒரு சீடர். பெயர் பொங்கியண்ணன். குருவைவிடப் பதினைந்து வயது மூத்தவர். கரட்டுக் குன்றின் மேலிருந்த குருவின் குடிலில் சமையலும் அவர்தான்.

மாசி மாதத்தில் ஒருநாள், கனல் அடங்கியதா என்று பார்க்காமல் அடுப்புச் சாம்பலை வேலிக்கு வெளியே கொட்டிவிட்டார். மீதியைக் காற்று பார்த்துக்கொண்டது. பொழுது சாய்வதற்குள் கரடு முழுக்கக் கரிக்கட்டை.

மறுநாள் மூட்டையும் கையுமாக வந்து நின்றார். பாவம், அழுதிருந்தார்.

“நான் போறேனுங்கம்மா. இங்க இருக்க எனக்கு யோக்கியதை இல்லீங்க.”

“சரி. நீங்க கொன்னதையெல்லாம் பிடுங்கிப் போட்டுட்டுப் போங்க. செத்ததை மட்டும். ஒவ்வொண்ணா வேர்ப்பக்கம் கீறிப் பார்த்துட்டுப் பிடுங்கோணும்.”

அன்று மாலை வெறுங்கையோடு திரும்பினார்.

“கீறினா பச்சையா இருக்குதுங்க. கரையான் புத்துக்குள்ள இருந்து உடும்பு ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு. என்னையப் பார்த்து மொறைக்குதுங்க!”

“மொறைக்காதா பின்ன?”

பத்தாம் நாள் ஓடி வந்தார்.

“ஈச்ச மரத்துத் தூரு குருத்து விட்டிருக்குதுங்க! மேலெல்லாம் கரி, நடுவுல பச்சை!”

“நான் செத்ததைத்தானே கேட்டேன்?”

சித்திரையில் கோடை மழை பெய்தது. கரி படிந்த மண்ணில் ஆவாரங்கன்றுகள் கால் வைக்க இடமில்லாமல் முளைத்தன.

“யாருங்க விதைச்சது?”

“பழைய விதைதான். ஓடு கெட்டி. சூடு பட்டா சீக்கிரம் வாயைத் திறக்கும்.”

பொங்கியண்ணன் பாடிக்கொண்டே வேலை செய்ய ஆரம்பித்தார். குரல் சுமார்தான்.

வைகாசியில் ஒரு கட்டு விறகைக் கொண்டுவந்து போட்டார். கட்டின் மேலே அவரே தண்ணீர் ஊற்றி வளர்த்த எலுமிச்சை. அதை மட்டும் மறுபடி ஒருதடவை கீறிப் பார்த்துவிட்டு, தன் மூட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

“செத்தது இவ்வளவுதானுங்க. வேலை முடிஞ்சுது. நான் கிளம்பட்டுங்களா?”

“இன்னைக்கு அடுப்புச் சாம்பலை என்ன பண்ணினீங்க?”

“மூணு குடம் தண்ணி ஊத்தி, கையை விட்டுத் தடவிப் பார்த்துட்டுத்தானுங்க கொட்டினேன்.”

நாச்சம்மாள் சிரித்துவிட்டார்.

“உங்களை அனுப்பிட்டு நான் புதுசா ஒருத்தரைப் பிடிக்கோணும். இதைக் கத்துக்க அவரும் ஒருதடவை பத்த வெப்பாரு. இப்பத்தான் துளிர்த்து நிக்குது, அடுத்தடுத்து ரெண்டு தீயைக் கரடு தாங்காதுங்க. மூட்டையை இறக்கிட்டு உலை வையுங்க, பசிக்குது.”