தவளைப்பாறை போர்டு

"மாஸ்டர், அந்த போர்டைக் கண்காட்சிக்குக் கேக்காங்க. கொடுக்கலாமா?"

கேட்டவர் திருமலைக்கொழுந்து. ஐம்பத்தெட்டு வயது. தையல் கடையை மகளிடம் விட்டுவிட்டு, போர்டு எழுதக் கற்றுக்கொள்ள வந்தவர்.

அவருடைய மாஸ்டர் முப்பிடாதி, அவரைவிட இருபது வயதுக்கு மேல் இளையவள். தாமிரபரணிக் கரையில் நாலைந்து ஊர்களுக்கு அவள்தான் எழுத்துக்காரி.

ஒரு சலூன் போர்டில் வளைவு ஒன்றை இழுத்துக்கொண்டிருந்தாள். அதை முடித்துவிட்டுத்தான் நிமிர்ந்தாள்.

"எந்த போர்டு அண்ணாச்சி?"

"தவளைப்பாறை போர்டுதான். நான் தனியா எழுதினது."

தவளைப்பாறைத் துறையில் போன வருஷம் ஒரு கல்லூரி மாணவன் சுழலில் போய்விட்டான். அங்கே எச்சரிக்கை போர்டு வைக்கவேண்டும் என்று பஞ்சாயத்தில் சொன்னார்கள். முப்பிடாதிக்கு வெளியூரில் வேலை இருந்தது. "நீங்களே எழுதிருங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கொழுந்து ராத்தூக்கம் இல்லாமல் யோசித்து எழுதினார். 'ஆழமான பகுதி. இங்கே குளிப்பது ஆபத்து.' எழுத்துகள் மேலே வெளிர்பச்சையில் தொடங்கி, கீழே போகப்போகக் கருநீலமாக இறங்கின. 'ழ'வின் வாலைச் சுழித்து, அதற்குள் ஒரு கெண்டை மீனையும் விட்டிருந்தார்.

யாரோ படம் எடுத்துப் போட்டார்கள். அது ஊர் ஊராகப் போனது. சென்னையிலிருந்து ஒரு பெண் வந்து, போர்டைத் தடவித் தடவிப் பார்த்தாள். நவீன ஓவியக் கண்காட்சி நடத்துகிறவளாம். இந்த போர்டுக்குத் தனியாக ஒரு சுவரே தருவதாகச் சொன்னாள்.

"நீங்க பாத்தீங்களா மாஸ்டர்?"

"போன்ல பாத்தேன்."

"எப்படி இருக்கு?"

"போன்ல நல்லா இருக்கு."

கொழுந்துவுக்கு முகம் சுருங்கியது. ஊரே பாராட்டிய எழுத்து. இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராதா?

"எழுத்துல ஏதும் கோணல் இருக்கா?"

"இல்ல."

"கலர் சரியில்லையா?"

"நல்ல கலர்."

"அப்போ கொடுக்கலாமா, வேண்டாமா? ஒண்ணு சொல்லுங்களேன்."

முப்பிடாதி பிரஷை மண்ணெண்ணெயில் அலசித் துடைத்தாள்.

"ஆத்துல போய்க் கேப்போம். வாங்க."

ஆற்றில் யாரிடம் கேட்பது? கொழுந்துவுக்கு விளங்கவில்லை. ஆனாலும் அவளுடைய ஸ்கூட்டரின் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

துறையில் நல்ல கூட்டம். கரையிலிருந்து தண்ணீருக்குள் நீண்டிருந்த பாறையின் நடுவில், இரண்டு இரும்புக் குழாய்களில் போர்டு நின்றது. வெயில் பட்டு அந்தக் கருநீலம் மின்னியது. கொழுந்துவே ஒரு நிமிஷம் நின்று பார்த்தார்.

இருவரும் மருதமர நிழலில் உட்கார்ந்தார்கள்.

"என்ன செய்யுதாங்க?" என்றாள் முப்பிடாதி.

"போர்டைப் பாக்காங்க."

"பெறகு?"

"பக்கத்துல நின்னு படம் எடுக்காங்க."

"பெறகு?"

அவர் கூர்ந்து பார்த்தார். பெறகு என்ன? ஒன்றும் இல்லை. படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடியும் எடுத்தார்கள்.

புதிதாகக் கல்யாணமான ஜோடி ஒன்று வந்தது. மாப்பிள்ளைப் பையன் கொழுந்துவின் பக்கத்தில் வந்து நின்றான்.

"ஐயா, எல்லாரும் சொல்லுத போர்டு இதானே?"

கொழுந்துவின் முகம் மலர்ந்துவிட்டது. "இதான் தம்பி. நான்தான் எழுதினேன்."

"நீங்களா! சூப்பர்யா. இதைப் பாக்கத்தான் தென்காசில இருந்து வந்தோம்."

"என்ன எழுதியிருக்குன்னு படிச்சியா?"

"அந்த மீன் இருக்கு பாருங்க..." என்று சொல்லிக்கொண்டே அவன் பாறைமேல் ஏறிப் போய்விட்டான்.

கொழுந்து திரும்பி முப்பிடாதியைப் பார்த்தார். அவள் அவரைப் பார்க்கவில்லை. பாறையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பையன் போர்டை ஒட்டி நின்றான். அந்தப் பெண் போனைப் பிடித்தாள்.

"கொஞ்சம் தள்ளுங்க. உங்க தலை 'ழ'வை மறைக்குது."

தள்ளினான்.

"இன்னும் கொஞ்சம். மீனு தெரியல."

பின்னால் ஓர் அடி வைத்தான். அந்த இடத்தில் பாறை பாசி பிடித்து, பச்சையாக ஆற்றுக்குள் சரிந்தது.

முப்பிடாதி எழுந்துவிட்டாள். அதற்குள் கொழுந்து பாய்ந்துவிட்டார்.

"ஏல! பின்னால போகாத! செத்துருவ!"

அது அவர் குரல் மாதிரியே இல்லை. அடிவயிற்றிலிருந்து வந்தது. பாறையில் இருந்தவர்கள் எல்லாரும் அப்படியே நின்றார்கள். அக்கரையில் துணி துவைத்தவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

பையனின் கால் வழுக்கியது. தொப்பென்று உட்கார்ந்து, இரண்டு கையாலும் போர்டின் குழாயைக் கட்டிக்கொண்டான். ஒரு செருப்பு மட்டும் தண்ணீருக்குள் விழுந்தது. கொஞ்ச தூரம் மிதந்தது. வேகமாகச் சுற்றியது. பிறகு காணவில்லை.

கொழுந்து பாறைமேல் ஏறி அவனைக் கரைக்கு இழுத்துவந்தார். பெண் அழுதுகொண்டே அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். பாறையில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக இறங்கினார்கள். யாரும் சொல்லவில்லை, இறங்கினார்கள்.

கொழுந்து மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார். முப்பிடாதி தண்ணீர்ப் பாட்டிலை நீட்டினாள்.

அவர் குடித்துவிட்டுப் பாட்டிலை மூடினார்.

"நல்லா எழுதணும்னுதான் நெனைச்சேன் மாஸ்டர்."

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. கேட்டவங்களுக்குக் கொடுத்துருங்க. சுவத்துல வச்சு நாள் பூரா பாக்கலாம்."

அவர் காலியான பாறையைப் பார்த்தார்.

"அப்போ இங்க என்ன எழுதட்டும்?"

"இப்பக் கத்தினீங்களே அண்ணாச்சி" என்றாள் முப்பிடாதி, "அதை எழுதுங்க."