பழையபடி

வெகு காலத்துக்கு முன்பு செம்பேட்டை நாட்டை உக்கிரவேலன் என்று ஒரு ராஜா ஆண்டுவந்தான். காலையில் கொடுத்த வேலையை மத்தியானம் பிடுங்குகிற ஆள். அவனுடைய தானியப் பண்டாரத்துக்கு அம்பலவாணர் அதிகாரி. அடுத்தவன் வயிறு காய்ந்தால் இவருக்கு ஏப்பம் வரும்.

அரண்மனைச் சேவகர்களுக்குச் சம்பளம் மாதம் முப்பது படி நெல். ராஜாவின் தாத்தா காலத்தில் விதித்தது. அன்றும் முப்பது, இன்றும் முப்பது. ஆனாலும் தண்டோரா போடும் செங்கோடன் வீட்டில் மாதக் கடைசிப் பத்து நாள் அடுப்பு எரிவதில்லை.

"முப்பது படின்னுதான் கொண்டாறீங்க. முன்னெல்லாம் பானை நிறையும், இப்ப முக்கால்கூட வரலையே?" என்று அவன் மனைவி காத்தாயி கேட்பாள். "புள்ளைங்களுக்கு நான் என்னத்தச் சொல்ல?"

திருவிழாவில் முரசு அடித்ததற்காக அம்மன் கோயிலில் அவனுக்கு ஒரு படி நெல் அளந்தார்கள். அளந்த படியைப் பார்த்ததும் செங்கோடனுக்கு ரத்தம் கொதித்தது. யாரிடமும் மூச்சுவிடாமல் நேரே சபைக்குப் போனான்.

"மகாராஜா, சம்பளம் பத்தவில்லை. திருத்தித் தரவேண்டும்."

அம்பலவாணர் பாய்ந்தார். "திருத்தமா! ஏழு வருஷத்தில் மூன்று தடவை திருத்தியாயிற்று, அரசே. இவர்களுக்கு இருப்பது வயிறா, ஏரியா?"

என்ன திருத்தினீர் என்று ராஜா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டானா? விழுந்து விழுந்து சிரித்தான்.

"அடேய், உன் சம்பளத்தை என் வாயாலேயே உயர்த்த வை, பார்க்கலாம். முடியாவிட்டால் முரசை இங்கே வைத்துவிட்டுக் குடும்பத்தோடு நாட்டைவிட்டுப் போ!"

"ஆகட்டும், மகாராஜா. நாளைக்குச் சம்பள நாள். ஊரில் என்னவென்று தண்டோரா போடட்டும்?"

"பழையபடியே சம்பளம் என்று போடு!"

"பழையபடியேதானா?"

"காது செவிடா? பழையபடியே! ராஜவாக்கு. ஒரு எழுத்து மாறினால் நாக்கை அறுப்பேன்!"

செங்கோடன் ஒரு எழுத்தும் மாற்றவில்லை. தெருத் தெருவாக அறைந்தான். மறுநாள் சேவகர்கள் பண்டாரத்து வாசலில் கூடினார்கள். செங்கோடன் கையில் கோயில் படி. ராஜாவின் தாத்தா அம்மனுக்குக் காணிக்கையாகக் கொடுத்தது, அவர் முத்திரை பதித்தது.

"இதில் அள!" என்று அளவுகாரனிடம் சொன்னான்.

அம்பலவாணர் அலறிக்கொண்டு ராஜாவை அழைத்துவந்தார். "என்னடா இது?" என்றான் ராஜா.

"நீங்கள் சொன்னபடிதான். பழைய படி!"

கோயில் படியில் நெல்லைத் தலைதட்டி, அதைப் பண்டாரத்துப் படியில் கொட்டினான். படி நிரம்பியது. மிச்ச நெல் வழிந்து ராஜாவின் காலடியில் குவிந்தது.

"இந்த மிச்சந்தான் என் பிள்ளைகளின் பத்து நாள் சோறு!" செங்கோடன் குரலை உயர்த்தினான். "மூன்று தடவை திருத்தினாராம். சம்பளத்தையா திருத்தினார்? படியைத் திருத்தினார்! ஒவ்வொரு தடவையும் புதுப் படி, ஒவ்வொன்றும் ஒரு விரல் குட்டை!"

ராஜா முகம் கறுத்து அம்பலவாணர் பக்கம் திரும்பினான். "உம்முடைய சம்பளத்தை எதில் அளந்தீர்?"

பண்டாரத்துக்குள்ளிருந்து அளவுகாரன் இன்னொரு படியை எடுத்து வந்து வைத்தான். அது கோயில் படியைவிடவும் பெரிது.

"இனி இவருக்கு ஆயுள் முழுக்கக் குட்டைப் படி. இவர் வீட்டுக் குதிர்கள் பண்டாரத்துக்கு!" என்று ராஜா கர்ஜித்தான். "வருஷா வருஷம் தை மாதம் ஊர் முன்னால் படியைச் சரிபார்த்த பிறகே சம்பளம்." கழுத்து முத்துமாலையைக் கழற்றினான். "செங்கோடா, என் பரிசு!"

செங்கோடன் கை நீட்டவில்லை.

"பரிசு நீங்கள் மனசு வைத்தால் கொடுப்பது, மகாராஜா. சம்பளம் நாங்கள் உழைத்தது. ஏழு வருஷமாக எங்கள் அத்தனை பேருக்கும் குறைத்ததைக் கொடுங்கள்."

ராஜாவோடு வந்திருந்த சபைக்காரர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ராஜா மாலையைப் பார்த்தான், காலடி நெல்லைப் பார்த்தான். தலை குனிந்தான்.

"சரி. கேட்டபடி கொடுங்கள்."

ஒருவரும் நகரவில்லை. வரிசையில் நின்ற அத்தனை சேவகர்களும் ஒரே குரலில் கேட்டார்கள்:

"எந்தப் படி, மகாராஜா?"