நான்காவது சட்டி

அந்தக் காலத்தில் நாயின் நாக்கு நக்குவதற்கு மட்டுமன்றிப் பேசுவதற்கும் பயன்பட்டது. மனிதரைக் காட்டிலும் குறைவாகவே நாய்கள் பேசின. ஆனால் பேசிய சொல்லை மறுநாள் மாற்றிப் பேசும் வழக்கம் அவற்றிடம் இல்லை. ஆகவே ஆட்டுப்பட்டி வைத்திருந்தவர்கள் அண்டை வீட்டாரின் சாட்சியைவிடத் தங்கள் நாயின் சாட்சியையே பெரிதாக மதித்தார்கள்.

மழை குறைந்த மேட்டு நிலத்தில் அப்போது கொம்பாயி என்றொருத்தி இருந்தாள். கணவன் இறந்தபின் மறுமணம் செய்யாமலும், தமையன் வீட்டுக்குப் போய் ஒண்டாமலும், பட்டியைத் தானே ஆண்டு வந்தாள். ஆட்டைக் குறித்து அவளுக்குப் பெருமை இல்லை. ஆடு யாரிடமும் இருந்தது. அவளுடைய பெருமையெல்லாம் நாய்களைக் குறித்தது. ஒரு நாயை அடக்கவே கம்பெடுக்கும் ஊரில் அவள் நான்கு நாய்களைக் கம்பில்லாமல் வைத்திருந்தாள்.

மூத்தவன் கருவாயன். கணவன் காலத்து நாய். முன்னங்கால் ஒன்று சற்றே இழுக்கும். அடுத்தவள் செவலை, பட்டியிலேயே வலிய பல்லுக்குச் சொந்தக்காரி. மூன்றாமவன் மறையன், உடம்பெல்லாம் வெள்ளையும் கறுப்புமாய்த் திட்டு, உள்ளமெல்லாம் சோறு. கடைசியாள் நெற்றியில் வெள்ளை விழுந்த சுட்டி. கண் திறக்காத வயதில் முட்புதரில் கிடந்தவளைக் கருவாயன்தான் கவ்விக்கொண்டு வந்து வளர்த்தான். அவள் அவனைத் தாத்தா என்றே அழைப்பாள்.

நால்வருக்கும் ஒரே மரத்தொட்டியில் கம்பங்கூழ் ஊற்றுவாள் கொம்பாயி. கருவாயன் முதல் வாய் வைப்பான். அவன் வைத்தபின் செவலை, பிறகு மறையன், பிறகு சுட்டி. வயிறு நிறைந்தவர் "என் பங்கு ஆச்சு" என்று சொல்லி விலகிக்கொள்வார்கள். மறையன் மட்டும் சொல்வதற்குச் சற்றுத் தாமதிப்பான்.

"உன் பங்கு எப்பவோ ஆச்சுடா. இப்ப என் பங்கு ஆயிக்கிட்டு இருக்கு" என்பாள் செவலை.

"ருசி பார்த்தேன், அக்கா."

"அடி வரைக்கும் பார்த்துட்டியே!"

இதைக் கேட்டுக்கொண்டே பால் கறப்பது கொம்பாயிக்குப் பிடிக்கும். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். தொட்டி ஒருபுறம் சாய்ந்தால் ஒருவருக்குக் கூடும், ஒருவருக்குக் குறையும் என்று, அதன் அடியில் கையில் அகப்பட்ட கல்லைக் கொடுத்து மட்டம் பார்த்துவிட்டுத்தான் கூழ் ஊற்றுவாள். தன் பட்டியில் நீதி தவறாது என்று அவள் நம்பினாள்.

கோடை தொடங்கினால் மேட்டு நிலத்துப் பட்டிகள் யாவும் ஒன்று சேர்ந்து ஆற்றங்கரை வயல்களில் எருவுக்காக இரவில் ஆடுகளை அடைத்துக் கிடை போடப் புறப்படும். தனியாகப் போகும் பட்டி வழியில் புல்லும் பெறாது, பாதுகாப்பும் பெறாது. அந்தப் பயணத்துக்குத் தலைமை, கொம்பாயியின் இறந்த கணவனுடைய அக்காள் சடைச்சி. தம்பி செத்ததும் பட்டி தன் கைக்கு வரும் என்று எதிர்பார்த்து, வராமற்போனதை மறக்காதவள்.

புறப்பாட்டுக்குச் சில நாட்களே இருந்தபோது அது நடந்தது. தெய்வத்துக்கு நேர்ந்துவிட்டு, கழுத்தில் மஞ்சள் கயிறு கட்டியிருந்த கிடாக்குட்டி ஒன்று காலையில் காணவில்லை. குட்டிகளை இரவில் கவிழ்த்து மூடும் பெரிய மூங்கில் கூடைக்குக் கொடாப்பு என்று பெயர். அந்தக் கொடாப்பு ஒருபக்கமாய்ப் புரண்டு கிடந்தது. வேலி முள்ளில் கொஞ்சம் மயிர், மண்ணில் கொஞ்சம் இரத்தம்.

செய்தி சடைச்சிக்கு எப்படிப் போயிற்றோ, வெயில் ஏறுமுன் வந்து நின்றாள்.

"ஏ கொம்பாயி, நாலு நாய்க்குக் கூழ் காய்ச்சிக் காய்ச்சி உன் கை தேஞ்சதுதான் மிச்சம். வெளிக்கள்ளன் வந்தா நாய் குரைச்சிருக்காதா? உள்கள்ளனுக்கு யாரு குரைப்பா?"

"என் நாய் பட்டிக் குட்டியைத் தொடாது, மதினி."

"தொட்டிருக்கே! வழக்கம் உனக்கும் தெரியும். ரத்தம் ருசி கண்ட நாய் கிடைக்குள்ளே இருக்கக்கூடாது. எதுன்னு கண்டுபிடிச்சு எல்லை தாண்டி விரட்டு. பேர் சொல்ல முடியலைன்னா நாலையும் விரட்டு. அதுவும் முடியலைன்னா, நீ தனியாப் போய்க்கோ. என் தம்பி பட்டியை எப்படி ஆளுறேன்னு ஊர் பார்க்கட்டும்."

தனியாகப் போவதென்றால் அந்தக் கோடையில் ஆடுகள் பாதி கூடத் தேறா. கொம்பாயி அதை அறிவாள். ஆனால் அவளை அறுத்தது அதுவன்று, கடைசி வாக்கியம்.

சடைச்சி பார்த்திருக்கவே அவள் நாய்களைக் கூப்பிட்டு நிறுத்தினாள்.

"யார் செய்தது?"

"எங்களுக்குத் தெரியாது, ஆத்தா" என்றாள் செவலை. "ராத்திரி மேற்கே நரி ஊளையிட்டது. நாலு பேரும் அங்கே ஓடினோம். எங்களில் ஒருத்தர் தின்னிருந்தா மத்த மூணு மூக்குக்கும் தெரியாமப் போகுமா? எங்களை விடுங்க. மோப்பம் காயறதுக்குள்ளே தேடிக் கொண்டாந்துடுறோம்."

"தின்ன நாயே தேடப் போகுதாம்!" என்று சிரித்தாள் சடைச்சி. "நல்லாத்தான் பேசப் பழக்கி வச்சிருக்கே."

கருவாயன் இழுக்கும் காலை முன்னே வைத்துக் கொம்பாயியை மட்டும் பார்த்தான்.

"ஆத்தா, கொடாப்பு மேலே..." என்று தொடங்கினான். சடைச்சியின் பக்கம் ஒருமுறை திரும்பினான். பிறகு வாயை மூடிக்கொண்டான்.

"கொடாப்பு மேலே என்னடா?"

"ஒண்ணுமில்லே. பிறகு சொல்றேன்."

அந்த மௌனம் கொம்பாயியின் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. இத்தனை நாள் கம்பெடுக்காமல் வளர்த்ததற்கு, ஒன்றுக்கொன்று கூடிக்கொண்டு தன்னையே மறைக்கத் துணிந்துவிட்டனவா? பிறர் முன்னிலையில் தன் நாய் தனக்குப் பதில் சொல்லாமல் நின்றதை அவளால் பொறுக்க முடியவில்லை.

அன்று அவள் செய்தது அதுவரை எந்தப் பட்டியிலும் யாரும் செய்யாதது. மரத்தொட்டியில் கூழ் ஊற்றுவதை நிறுத்தினாள். நாய்களைத் தனித்தனியே பட்டியின் நான்கு மூலைகளில் கட்டினாள். ஒன்றை ஒன்று பார்க்காதபடி நடுவே ஓலைத் தட்டி வைத்தாள். ஒவ்வொன்றின் முன்னும் ஒரு வெறும் மண்சட்டியை வைத்தாள். அன்று முழுதும் ஒன்றும் ஊற்றவில்லை. மறுநாள் பொழுது சாயும் வேளையில், கூழ்ப்பானையை இடுப்பில் வைத்துக்கொண்டு முதலில் மறையனிடம் போனாள். எந்த மூலையிலிருந்து தொடங்க வேண்டும் என்பதை அவள் அறிந்திருந்தாள்.

"செவலை உன் பேரைச் சொல்லிட்டாள்" என்றாள்.

அது பொய். அந்தப் பட்டியில் பேசப்பட்ட முதல் பொய் அதுதான். அதைப் பேசியது நாயன்று.

"என் பேரா? அக்காவா சொன்னா?"

"நீ இல்லைன்னா யாருன்னு சொல்லு. சொன்னா கூழ்."

மறையன் பானையைப் பார்த்தான். அதிலிருந்து ஆவி எழுந்துகொண்டிருந்தது. "கருவாயன் கொடாப்புப் பக்கம் போனதைப் பார்த்தேன்" என்றான். அவ்வளவும் உண்மைதான். கொம்பாயி ஊற்றினாள். "போய் என்ன செய்தான்?" என்று கேட்டு, ஊற்றுவதைப் பாதியில் நிறுத்தினாள். மறையன் எச்சிலை விழுங்கினான். "குனிஞ்சான்" என்றான். சட்டி நிறைந்தது.

செவலையிடம், "மறையன் உன்னைத்தான் சொல்கிறான்" என்றாள் கொம்பாயி.

செவலை நெடுநேரம் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். பசியினால் அவள் உடையவில்லை. ஒரே தொட்டியில் தின்றவன் தன்னைக் காட்டிக்கொடுத்தான் என்று நம்பியதனால் உடைந்தாள்.

"நான் இல்லே. வேணும்னா கிழவனைக் கேளுங்க. வாயை நக்கிக்கிட்டு வந்தான்."

"பார்த்தியா?"

"பார்த்தேன்னு வச்சுக்கோங்க."

சுட்டியிடம் பொய் சொல்லவே தேவைப்படவில்லை. "மத்த ரெண்டு பேரும் தாத்தான்னு சொல்லிட்டாங்க. நீ இல்லைன்னு சொன்னா, நீயும் கூட்டுன்னு அர்த்தம். ஆமாவா, இல்லையா?"

"ஆமா" என்றாள் சுட்டி. சட்டியில் கூழ் விழுந்தது. அதை அவள் நக்கவில்லை.

நான்காவது மூலைக்குக் கொம்பாயி போகவில்லை. மூன்று பேர் சொல்லியாயிற்று. நான்காமவன் சொல்ல என்ன இருக்கிறது? அங்கே தட்டிக்குப் பின்னால் கருவாயன் வெறும் சட்டியை முன்னே வைத்துக்கொண்டு, காதுகளை நிமிர்த்தி, அவளுடைய காலடி தன் பக்கம் திரும்புமென்று காத்திருந்தான். காலடி குடிசைக்குள் போய்விட்டது.

மறுநாள் காலை ஊர் கூடியது. கொம்பாயி நால்வரையும் நடுவில் நிறுத்தி, "கருவாயன்" என்று பெயரைச் சொன்னாள். கருவாயன் மற்ற மூவரையும் ஒவ்வொருவராகப் பார்த்தான். மறையன் தலையைக் குனிந்தான். செவலை குனிந்தாள். சுட்டி மண்ணோடு மண்ணாய்ப் படுத்து, முகத்தைக் கால்களுக்கிடையே புதைத்துக்கொண்டாள்.

"நீ என்னடா சொல்றே?" என்றாள் சடைச்சி.

"நான் சொல்ல வேண்டியது ஆத்தாகிட்டே, தனியா. அவங்க வரலே. மூணு வாய் பதில் சொல்லிட்டுது. நாலாவது வாய் எதுக்கு?" என்றான் கருவாயன்.

வழக்கப்படி முதல் கல்லை வளர்த்தவரே எறிய வேண்டும். கொம்பாயி எறிந்தாள். அவள் கை நடுங்கவில்லை என்று பிற்பாடு ஊரில் பெருமையாகப் பேசிக்கொண்டார்கள். காய்ந்த ஓடைமணலில் காலை இழுத்துக்கொண்டு போன கருவாயன், எல்லை தாண்டும் வரை ஓடவுமில்லை, திரும்பிப் பார்க்கவுமில்லை.

"இப்பத்தான் என் தம்பி பெண்டாட்டி" என்று சடைச்சி அவள் தோளைத் தட்டினாள். அந்தத் தட்டு கொம்பாயிக்கு இனித்தது, அதுதான் வெட்கக்கேடு.

புறப்பாட்டு நாள் வந்தது. கட்டவிழ்த்ததும் சுட்டி முகர்ந்துகொண்டே வேலியைத் தாண்டி ஓடினாள். மேட்டுச் சரிவில் ஒரு நரி வளையைப் பறித்து, அதிலிருந்து எதையோ கவ்வி வந்து கொம்பாயியின் காலடியில் போட்டாள். மஞ்சள் கயிறு. அதில் ஒட்டியிருந்தது நரி மயிர். மேற்கே ஊளையிட்ட நரிகள் நாய்களை இழுத்துவைத்திருந்த நேரத்தில், கிழக்கே ஒரு நரி தன் வேலையை முடித்திருக்கிறது.

கழுதைமேல் ஏற்றுவதற்காகக் கொம்பாயி மரத்தொட்டியைத் தூக்கினாள். அடியில் ஒரு கல் இருந்தது. உருண்டையான, நடுவில் வெள்ளைக் கோடு ஓடும் கல். கணவன் ஆற்றிலிருந்து எடுத்து வந்தது. குட்டி முட்டித் தள்ளாதபடி இரவுதோறும் கொடாப்பின் தலைமேல் பாரமாக அவள் வைக்கும் கல்.

குட்டி காணாமற்போவதற்கு முந்தின மாலை தொட்டி சாய்ந்திருந்தது. மட்டம் பார்க்க அவசரத்தில் இதைத்தான் எடுத்திருக்கிறாள். திரும்ப வைக்கவில்லை.

"தாத்தா அன்னைக்கு ராத்திரியே பார்த்தாங்க" என்றாள் சுட்டி, மெல்ல. "குட்டி வெளியே வந்துடுச்சு. மூக்காலே தள்ளி உள்ளே விட்டுட்டு, கூடையைக் கவிழ்த்து வச்சாங்க. அதுக்குள்ளே நரிச் சத்தம் கேட்டுது. காலையிலே என்கிட்டே சொன்னாங்க, கூடை மேலே கல் இல்லேன்னு. அந்த அம்மா முன்னாலே சொன்னா ஆத்தாவுக்குத் தலை இறங்கும், தனியாக் கேட்கும்போது சொல்லிக்கலாம்னு சொன்னாங்க."

"அப்ப நீ ஏன்டி ஆமான்னு சொன்னே?" கொம்பாயியின் குரல் உயர்ந்தது. "நீங்க ஏன் பொய் சொன்னீங்க? சொல்லுங்க! யார் முதல்லே ஆரம்பிச்சது?"

செவலை தலை நிமிராமலே பதில் சொன்னாள்: "நீங்க எங்ககிட்டே உண்மையைக் கேட்கலே, ஆத்தா. ஒரு பேரைக் கேட்டீங்க. கொடுத்தோம்."

அந்தப் பட்டியில் நாய் பேசிய கடைசிச் சொல் அதுதான்.

ஓடைக்கரை வரை கொம்பாயி போனாள். "கருவாயா" என்று கூப்பிட்டாள். அக்கரையில், வேலமரத்தடியில் ஏதோ கறுப்பாய் அசைந்ததுபோல் இருந்தது. மறுபடி கூப்பிடுவதற்குள் பின்னாலிருந்து சடைச்சியின் குரல் கேட்டது: "என்னடி தேடுறே? கிடை புறப்படுது!"

கல் கொம்பாயியின் கையில் இருந்தது. அதைக் காட்டி ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அக்கரையில் அசைந்தது இக்கரைக்கு வந்திருக்கும். அவள் கல்லைப் புடவை மடிப்பில் மறைத்து, வழியில் ஒரு பாழுங்கிணற்றில் போட்டாள்.

"ஒண்ணுமில்லே, மதினி" என்றாள்.

ஆற்றங்கரையில் மீண்டும் ஒரே தொட்டியில் கூழ் ஊற்றிப் பார்த்தாள். மூவரும் வந்தார்கள். யாரும் யாருக்கும் வழிவிடவில்லை. மறையன் வாய் வைத்ததும் செவலை உறுமினாள். செவலை உறுமியதும் சுட்டி பல்லைக் காட்டினாள். "என் பங்கு ஆச்சு" என்று யாரும் சொல்லவில்லை. கொம்பாயி ஒன்றுக்கொன்று எட்டாத தூரத்தில் மூன்று சட்டிகளை வைத்தாள். இன்றுவரை பல நாய் வளர்ப்பவர்கள் அப்படித்தான் வைக்கிறார்கள். ஏன் என்று கேட்டால், நாயின் குணம் அது என்கிறார்கள்.

அந்தச் செய்தி நாய்க்கு நாய் பரவிற்று. ஒரு பேரைக் கொடுப்பதற்குத்தான் பேச்சு வேண்டுமென்றால், அந்தப் பேச்சே வேண்டாம் என்று அவை விட்டுவிட்டன.

அன்று முதல்தான், பல நாய்கள் உள்ள வீட்டில் செருப்பு கிழிந்தாலும் சட்டி உடைந்தாலும், வீட்டுக்குடையவர் வந்து நின்று "யார் செய்தது?" என்று கேட்டால், செய்த நாயும் செய்யாத நாயும் சேர்ந்தே தலை குனிகின்றன, கேட்டவர் மட்டும் நிமிர்ந்தே நிற்கிறார்.