கொலுமண்டபத்தில் காய்ந்த கருவாடு

முன்னே ஒரு காலத்தில், கடற்கரை வரை பரந்து கிடந்த நாட்டை ஒரு ராஜா ஆண்டுவந்தார். அவருக்கு எப்போதாவது திடீரென்று நல்ல யோசனை வந்துவிடும். வந்தால் அதிகாரிகள் பாடு திண்டாட்டம்தான்.

ஒருநாள், "தலைநகரம் மட்டும் கொழுத்தால் போதுமா? தூரத்து ஊர்களில் சிறுதொழில் செய்வோருக்குக் கஜானாவிலிருந்து உதவி கொடுங்கள்" என்று உத்தரவிட்டார். இதை ராஜா காதில் போட்டவன் விகடகவி கூத்தபிரான் என்று தெரிந்ததும் கஜானா அதிகாரி வீரசிம்மருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு கோமாளி சொல்லி கஜானா திறப்பதா?

"உத்தமமான திட்டம், பிரபு. ஆனால் ஏமாற்றுக்காரர்கள் புகுந்துவிடக் கூடாது. உதவி கேட்பவர் தம் தொழிலை இந்தச் சபையிலேயே, தொடக்கம் முதல் முடிவு வரை, என் கண்முன் செய்து காட்ட வேண்டும். பிறகே முத்திரை வைப்பேன்" என்றார். ராஜாவும் தலையாட்டிவிட்டார்.

யார் வர முடியும்? ஒரு காசுகூட வெளியே போகவில்லை. "உதவி யாருக்குமே தேவைப்படவில்லை, பிரபு. வரும் பௌர்ணமியோடு மூடிவிடலாம்" என்றார் வீரசிம்மர், தேன் ஒழுக.

கூத்தபிரான் கடற்கரைக்கு ஓடினான். அங்கே கருவாடு போடும் இருளாயியின் கொட்டகையும் உப்புத் தொட்டிகளும் புயலில் போயிருந்தன. மீன்வரத்து தொடங்குமுன் கட்டாவிட்டால், அவளும் அவளிடம் வேலை செய்யும் பெண்களும் பிழைப்புத் தேடி ஊரைவிட்டுப் போக வேண்டியதுதான். பாவம், வேறென்ன செய்வார்கள்!

"அரமனைக்குள்ள வந்து கருவாடு போடச் சொல்றாகளா? நாறுமே, சாமி!" என்றாள் இருளாயி.

"நாறட்டும் தாயி. மீன் அங்கேயே சந்தையில் வாங்கிக்கொள்ளலாம். கத்தி, உப்பு, பாயோடு எல்லாரும் புறப்படுங்கள்."

மறுவாரம் கொலுமண்டபத்தின் திறந்த முற்றத்தில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மீன் அறுத்தார்கள், குடல் எடுத்தார்கள், உப்புத் தடவிப் பாயில் பரப்பினார்கள். வெயில் ஏறியது. ஊரிலுள்ள ஈயெல்லாம் வந்தது, காக்கை வந்தது, அந்தப்புரத்துப் பூனைகளும் வந்தன. புலவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடினார்கள்.

எழுந்து நழுவப் பார்த்த வீரசிம்மரைக் கூத்தபிரான் கைகூப்பி மறித்தான். "எங்கே ஐயா? முடிவு வரை தங்கள் கண்முன் நடக்க வேண்டுமே! காய்வதற்கு நாலைந்து நாள் ஆகும்."

"போதும்! இப்போதே முத்திரை வைக்கிறேன்!"

"விதி என்னாவது? வாசலில் சுண்ணாம்பு சுடுபவர் காளவாய் போட இடம் தேடுகிறார். தோல் பதனிடுபவரும் வந்துகொண்டிருக்கிறார்."

உத்தரியத்தால் மூக்கை மூடியிருந்த ராஜா விழுந்து விழுந்து சிரித்தார். "விதியை ரத்து செய்தோம்! இனி அதிகாரிகளே ஊர் ஊராகப் போய்ப் பார்த்து, அங்கேயே உதவி கொடுத்துவிட்டு வரட்டும்!" என்று சொல்லி, தம் முத்துமாலையைக் கழற்றிக் கூத்தபிரான் கழுத்தில் போட்டார். இருளாயியின் மடியில் பணமுடிப்பு விழுந்தது. அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"சரி அம்மா, இவற்றை எடுத்துச் செல்லுங்கள்" என்றார் ராஜா.

"பாதியில எடுத்தா கெட்டுப்போகும், மகராசா. நாங்க போயி கொட்டகையக் கட்டணும். காஞ்சதும் வந்து எடுத்துக்கிடுதோம். அதுவரைக்கும் காக்கா வெரட்ட ஒரு ஆள் மட்டும் போதும்."

ராஜா திரும்பி வீரசிம்மரைப் பார்த்தார். கூத்தபிரான் பணிவோடு ஒரு நீளக் கம்பை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.